பதினாலாவது விதி

அமெரிக்காவின் துலூத் ஊரில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களில் மார்லிஸ் டோலஃப்சனைப் போல மனசுக்குள் கறுவிக்கொண்டு காத்திருந்தவள் இன்னொருத்தி இருக்க மாட்டாள். மூன்று வருடம். சும்மாவா?

அப்போது அவளுடைய மேலாளர் பிரென்ட் கெஸ்லர். டென்வரில் இருந்தான். அவனுக்குத் தெரிந்த நிர்வாகம் ஒன்றே ஒன்று: ஊழியர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா, ஆள் எழுந்து போய் அது மஞ்சளாகிவிட்டதா என்று கணினியில் பார்ப்பது. ஒரு பிப்ரவரிக் காலையில் மார்லிஸின் புருஷன் ஆர்வில் பனியில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வாசல்வரை வருவதற்காக அவள் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் புள்ளி மஞ்சளாகிவிட்டது. மறுநாள் வீடியோ அழைப்பில் தன் கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு, ஒன்பதே நிமிடத்தில் அவளை வேலையை விட்டுத் தூக்கினான். காரணம் கேட்டாள். "அதெல்லாம் மெயில்ல வரும்" என்றான். வரவில்லை. வேலையோடு கம்பெனி தந்த மருத்துவ இன்சூரன்ஸும் போயிற்று; ஆர்விலின் சிகிச்சை பாதியில் நின்றது. அவர் இன்றைக்கும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். பாவி!

இப்போது மார்லிஸ் வேறொரு நிறுவனத்தில் ஆள் எடுக்கிறாள். அவள் அணியில் பதினோரு பேர், பதினோரு ஊர். முகத்தைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் பார்ப்பது அவள் வழக்கம். எங்கோ உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்குத் தெளிவாக எழுத வராவிட்டால், அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டே மற்றவர்களுக்குப் பாதி நாள் போய்விடும். அணித்தலைவர் வேலைக்கு வந்திருந்த எழுத்து மாதிரிகளில் ஒன்றைத் திறந்தவள் காபியைக் கீழே வைத்தாள். 'வீட்டிலிருந்து வேலை செய்யும் அணிக்கான கையேடு. எழுதியவர்: பிரென்ட் கெஸ்லர்.' பழைய நிறுவனத்தில் அவள் எழுதியது! ஒரு வார்த்தை மாறவில்லை.

அந்தச் சோம்பேறி நகல்கூட எடுக்கவில்லை. பழைய கோப்பின் இணைப்பையே அனுப்பியிருந்தான். எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்ற வரலாறு முழுக்க அதற்குள் அப்படியே கிடந்தது.

கனடாவில் மாங்க்டனில் இருக்கும் சக ஊழியை ஓடெட்டை அழைத்தாள். "நேர்காணல நீயே நடத்துடி. நான் கேமரா போடாம, கம்பெனி பேர்ல ஓரமா இருக்கேன்."

"அந்த ஆள என்ன பண்ணப் போற?"

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். அவனே பண்ணிக்குவான் பாரு."

வியாழக்கிழமை பிரென்ட் மடிப்புக் கலையாத சட்டையில் வந்து உட்கார்ந்தான்.

"கையேடு பிரமாதம்ங்க. முழுக்க நீங்களே எழுதினதா?" என்று ஓடெட் கேட்டாள்.

"ஒவ்வொரு வரியும். ரெண்டு மாசம் உயிரக் குடுத்து எழுதினேன்."

"அப்ப திரையில திறந்து காட்டுங்களேன். எப்படி எப்படித் திருத்தினீங்கன்னு வரலாறையும் பாத்துரலாம்."

யோசிக்காமல் அழுத்தினான். பக்கம் முழுக்க மார்லிஸ் டோலஃப்சன், மார்லிஸ் டோலஃப்சன். அவன் பெயரில் ஒரே ஒரு திருத்தம், போன மாதம்: தலைப்பில் அவள் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டது.

மார்லிஸ் கேமராவைத் திறந்தாள். "சௌக்கியமா, பிரென்ட்?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "மார்லிஸ்... எட்டு மாசமா வேலை இல்லீங்க. பொண்ணுக்கு ஆஸ்துமா. இன்சூரன்ஸ் வேற..."

அந்தச் சொல் அவளையும் ஒரு நிமிடம் சுட்டது. அதே நேரம் சமையலறையில் ஆர்வில் காலை இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், இரக்கம் போய்விட்டது.

"இந்த வேலை உங்களுக்கு இல்ல. காரணத்தையும் கேட்டுக்கோங்க. என் உழைப்பத் திருடி உங்க பேரப் போட்டீங்க."

அவன் கண் கலங்கியது. "கேமராவையாவது அணைச்சுக்கட்டுமா? உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

"கூடாது. அந்தக் கையேட்டுல பதினாலாவது விதிய எடுங்க. சத்தமா வாசிங்க."

வாசித்தான். 'ஒருவரை வேண்டாம் என்று சொல்லும்போது இரண்டு பக்கமும் கேமரா திறந்திருக்க வேண்டும். காரணத்தை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.' கடைசிச் சொல் வரும்போது குரல் உடைந்துவிட்டது.

"நல்லா எழுதியிருக்கீங்க, பிரென்ட்" என்றாள் மார்லிஸ்.