பின்கேட் ஏன் பூட்டியிருக்கிறது?

எனக்கு ஒரு வாக்கியத்தின் மேல் தீராத கோபம் உண்டு. 'இந்த ஆய்வின் மூலம் ஒற்றுமையே பலம் என்பதை அறிந்துகொண்டோம்.' மழைநீர் சேகரிப்பைப் பற்றிய புராஜெக்ட் நோட்டு என்றாலும் கடைசியில் இதுதான் வரும். உள்ளாட்சித் தேர்தல் என்றாலும் இதுதான். ஒருமுறை தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் இதையே எழுதிக்கொண்டு வந்தார்கள்.

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவில் நான் சமூக அறிவியல் டீச்சர். எங்கள் பள்ளியில் புராஜெக்ட் நோட்டுகள் அக்காவிடமிருந்து தங்கைக்கும் மேல்வகுப்பிலிருந்து கீழ்வகுப்புக்கும் இறங்கி வரும். பிள்ளைகள் முதலில் 'முடிவு' என்ற பக்கத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் 'நோக்கம்' எழுத உட்காருவார்கள். முடிவு கையில் தயாராக இருக்கும்போது யார் மெனக்கெடுவார்கள்?

இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அலமாரியைக் குடைந்து பழைய நோட்டுகளைப் பார்த்தேன். வருஷம் வருஷமாகப் பின்னால் போய்க் கடைசி நோட்டைத் திறந்தபோது விடை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள், நேரமில்லாமல் நானே கரும்பலகையில் எழுதிப்போட்ட வாக்கியம் அது. ஈயடிச்சான் காப்பி என்று பிள்ளைகளை இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். காப்பிக்கு மூலம் நான்தான். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன், இந்த வருஷம் யாரும் முடிவு எழுத வேண்டாம், முதலில் ஒரு கேள்வி கொண்டுவாருங்கள், விடை எனக்கும் தெரியாத கேள்வியாக இருக்கவேண்டும் என்று. பாடநூலும் அதைத்தான் சொல்கிறது. விடுமுறையில் பரிப்பு வடையும் சாயாவும் கொடுத்து நடத்துகிற பயிற்சி வகுப்புகளிலும் அதைத்தான் சொல்கிறார்கள். கேள்வி, சான்று, விவாதம், பிறகு விடை. பயிற்சி முடிந்து பள்ளிக்குத் திரும்பினால் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான், போர்ஷன் முடிந்ததா?

ஒரு வாரம் யாரும் கேள்வி கொண்டுவரவில்லை. கேள்வி வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. வாரத்தில் ஒரு நாளாவது தாமதமாக வந்து, முதல் பீரியட் முழுக்க வராந்தாவில் நிற்கிற ஒரு பெண். இரண்டாம் பெல்லுக்குப் பிறகு வருகிறவர்கள் லேட் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே நிற்கவேண்டும் என்பது பள்ளி விதி. ஜூன் மாதத்திலிருந்து அவள் நின்றாள், நானும் நிற்கவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேள்வி கேளுங்கள் என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிறவளின் லட்சணம் இது.

அன்று கேட்டேன்.

"வீடு இந்தச் சுவருக்குப் பின்னாடிதான் டீச்சர். ஃபர்ஸ்ட் பெல் அடிக்கது எங்க வீட்டுல நல்லா கேக்கும். அம்மை வெள்ளனே ஃபிளாட் வேலைக்குப் போயிரும். தம்பிய அங்கன்வாடில விட்டுட்டு வந்து தலை பின்னிட்டிருப்பேன், பெல் கேட்டதும் ஓடுவேன்."

"பின்னே என்ன, ரெண்டு எட்டுதானே?"

"பின்கேட் பூட்டியில்லா கிடக்கு? பழவங்காடி ஜங்ஷன் வழியா சுத்தித்தான் வரணும். அங்க பிள்ளையார் கோயில்ல தேங்கா உடைக்க வந்த ஆளும் பஸ்ஸும். கால்மணிக்கூர் ஆவும் டீச்சர்."

"பின்கேட்டை ஏன் பூட்டியிருக்காங்க?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அது எப்பவும் பூட்டித்தானே இருக்கும். அதுக்கு எந்து செய்ய?"

பிறகு மெல்லச் சொன்னாள். பத்துத் தடவை தாமதமானால் அப்பா வந்து எழுதிக்கொடுக்கவேண்டும். ஏழு ஆகிவிட்டது. அப்பாவுக்குக் கழக்கூட்டத்தில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை, விடியுமுன் போகவேண்டும். "என்னைய ஸ்கூலுக்குக் கூப்பிட்டா அன்னையோட இங்கத்த படிப்பு முடிஞ்சுது, தென்காசிக்குச் சித்தி வீட்டுக்குப் போயிரு" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

அவளை உள்ளே அழைத்து, கரும்பலகையில் எழுதினேன்: பின்கேட் ஏன் பூட்டியிருக்கிறது?

வகுப்பு சிரித்தது. இதெல்லாம் ஒரு ஆய்வா? ஆனால் விடை எனக்குத் தெரியாது என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. இரண்டிரண்டு பேராகப் போய்க் கேட்கச் சொன்னேன். யார் என்ன சொன்னாலும் அவர்களிடம் இன்னொரு கேள்வியும் மரியாதையாகக் கேட்கவேண்டும்: 'உங்களுக்கு அது எப்படித் தெரியும்?'

அந்த இரண்டாவது கேள்விதான் பள்ளியைக் கலக்கியது. பாம்பு வரும் என்றார் பியூன். பார்த்தீர்களா என்று கேட்டால், முன்பு இருந்த பியூன் சொன்னாராம். பையன்கள் சினிமாவுக்கு ஓடிவிடுவார்கள் என்றாள் சத்துணவு சமைக்கிற அக்கா. யார் ஓடினார்கள் என்றால், அப்படித்தான் பேச்சு. ஒழுக்கத்துக்காக என்றார் கணக்கு சார், எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டார். பழவங்காடியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பழைய மாணவர் மட்டும், "நாங்க அந்த வழியாத்தானே வருவோம்! பூட்டிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் அதன் அடியில் இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள்.

கணக்கு சார் ஸ்டாஃப் ரூமில் என்னைப் பிடித்துக்கொண்டார். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் டீச்சர். ஊரோட ஒத்துப் போங்க."

"பூதம் இருந்தா கிளம்பட்டும் சார். உள்ளே வச்சுக்கிட்டு அந்தத் தண்ணியைக் குடிக்கவா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே ஹெச்.எம். கூப்பிட்டார். மலையாளி, என்னிடம் பேசும்போது தமிழைக் கலந்துகொள்வார். "டீச்சரே, இது சோஷியல் சயன்ஸோ, போலீஸ் அன்வேஷணமோ? போர்ஷன் தீர்ந்தோ?"

"இதுதான் போர்ஷன் மேடம். முதல் பாடமே சான்றுகளைப் பற்றி. உங்களுக்குத் தெரியுமா, கேட் ஏன் பூட்டியிருக்குன்னு?"

"அது பி.டி.ஏ. தீர்மானம் ஆணு."

"எப்படித் தெரியும்?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிள்ளைகளின் பழக்கம் தொற்றிவிட்டது. அவர் முகம் சிவந்தது. அவரே சில வருஷத்துக்கு முன் மாற்றலாகி வந்தவர், அவருக்கும் யாரோ சொன்னதுதான். பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் மினிட்ஸ் புக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டமுடியாது என்றார். காட்டாவிட்டால் 'ஆவணம் தர மறுக்கப்பட்டது' என்று 'கண்டறிந்தவை' என்ற பக்கத்தில் எழுதச் சொல்லுவேன் என்றேன். நான் விளையாடவில்லை. அது அவருக்கும் தெரிந்தது. மூன்றாம் நாள் பழைய மினிட்ஸ் புக் என் மேசைக்கு வந்தது.

மலையாளத்தில் எழுதிய புத்தகம். எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய காரியமில்லை, தெருவில் அந்த மொழியில்தான் சண்டை போடுகிறார்கள். பிற்பகல் முழுக்கப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் அந்தப் பெண்தான் விரல் வைத்தாள். அவர்களில் ஒருவரும் பிறந்திராத ஒரு வருஷத்துக் கூட்டம். 'புதிதாகக் கட்டிய பின்சுவரின் பூச்சு காய்வதற்காக, பின்கேட்டை இரண்டு வாரத்துக்குப் பூட்டிவைக்கத் தீர்மானிக்கப்பட்டது.'

அவ்வளவுதான். பாம்புமில்லை, சினிமாவுமில்லை, ஒழுக்கமுமில்லை. சுவர் காய்வதற்காகப் பூட்டியது. காய்ந்த சுவரில் பாசி படர்ந்து, பாசிமேல் அரசங்கன்று முளைத்து, அதையும் ஒருமுறை வெட்டியாகிவிட்டது. பூட்டு மட்டும் அப்படியே. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தாமதக் கணக்கு அதற்குள் ஒன்பது ஆகியிருந்தது.

சார்ட் எழுதி, பள்ளிக் கண்காட்சிக்காக ஹாலில் மாட்டினார்கள். நோக்கம், செய்முறை, கண்டறிந்தவை எல்லாம் நிறைந்திருந்தன. முடிவு என்ற கட்டம் காலி. ஹெச்.எம். பார்த்துவிட்டு, ஒன்று முடிவெழுதவேண்டும், இல்லையென்றால் சார்ட்டைக் கழற்றவேண்டும் என்றார். கேட்டைத் திறப்பதைப் பற்றி ஓணம் கழிந்து பி.டி.ஏ. கூடித் தீர்மானிக்குமாம். "ஒரு நல்ல வாக்கியம் எழுதிக்கோ டீச்சரே. ஐக்யம், ஒற்றுமை, அங்ஙனெ ஏதாவது." நான் எழுதவும் இல்லை, கழற்றவும் இல்லை.

மறுநாள் காலை இரண்டாம் பெல் அடித்துச் சில நிமிஷம் கழித்து அவள் மூச்சிரைக்க வந்தாள். பத்தாவது தாமதம். ரெஜிஸ்டர் அலுவலகத்தில் இருந்தது, அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வராந்தாவில் போய்த் தானாகவே நின்றாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

"எல்லாரும் புத்தகத்தை எடுத்துட்டு வெளியே வாங்க. இன்னைக்கு வகுப்பு வராந்தாவில்" என்றேன். நாற்பது பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டே பாடம் எடுத்தேன். பக்கத்து வகுப்புகளின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள்.

ஹெச்.எம். வந்தார். "எந்தா இது?"

"விதிப்படி இவள் வெளியே நிக்கணும் மேடம், நிக்கிறா. வகுப்பு எங்கே நடக்கணும்னு விதியில்லை."

"கேட் திறக்கான் தீர்மானம் வேணும்னு ஞான் பறஞ்ஞதல்லே?"

அப்போது அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். "மேடம், திறக்கதுக்குத் தீர்மானம் வேண்டாம். ரெண்டு வாரத்துக்குத்தான் பூட்டணும்னு எழுதியிருக்கு. அது கழிஞ்சும் பூட்டி வச்சிருக்கில்லா, அதுக்குத்தான் தீர்மானம் இல்ல."

எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. புத்தகத்தை நானும்தான் படித்தேன். நான் பார்த்தது வேடிக்கையை, அவள் பார்த்தது வழியை. ஹெச்.எம். பியூனைக் கூப்பிட்டுச் சாவி எங்கே என்று கேட்டார். அப்படி ஒரு சாவியைப் பியூன் கண்ணால் கண்டதே இல்லை. இரண்டாம் பீரியட் தொடங்குமுன் பின்பக்கத்திலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. என் பள்ளி வாழ்க்கையில் அதைவிட இனிமையான மணியை நான் கேட்டதில்லை.

அந்தப் பத்தாவது கையெழுத்தை ரெஜிஸ்டரில் யாரும் கேட்கவில்லை. என்னை மட்டும் சும்மா விடவில்லை. அனுமதியின்றி வகுப்பை வராந்தாவுக்கு மாற்றியதற்கு விளக்கம் கேட்டு மாலையில் மெமோ வந்தது. நோக்கம், செய்முறை, கண்டறிந்தவை என்று மூன்று தலைப்பிட்டு விளக்கம் எழுதிக்கொடுத்தேன். முடிவை அவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று காலியாக விட்டேன். வருத்தம் தெரிவிக்கவில்லை. இன்று வரை வருத்தமும் இல்லை.

அடுத்த நாள் முதல் பெல் அடித்தது. நான் வருகைப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தேன். இரண்டாம் பெல் அடிக்குமுன் பின்பக்கத்திலிருந்து ஓடிவரும் காலடி கேட்டது. ஒரு சடை பின்னி ரிப்பன் கட்டியிருந்தது, இன்னொன்று பின்னாமல் தோளில் கிடந்தது. ரிப்பன் கையில் இருந்தது. தன் இடத்தில் போய் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, நிதானமாக இரண்டாவது சடையைப் பின்ன ஆரம்பித்தாள்.

வகுப்பில் தலை பின்னுவது ஒழுக்கமில்லை என்று யாராவது வந்து சொல்லட்டும். உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்க என் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள்.