கலியம்மாள் வாங்கிய கடுகெண்ணெய்

முதியோர் பென்ஷன் ஏறிய அன்றே கலியம்மாள் கடைக்குப் போய்க் கடுகெண்ணெய் வாங்கிவிடுவாள். மாசம் தவறாது. தொண்டமாநத்தத்தில் அந்த எண்ணெயில் சமைப்பவர் யாருமில்லை. பக்கத்து வீட்டுக் கல்பனாவின் மண்டையைக் குடைந்தது. முட்டிவலிக்குத் தடவிக்கொள்கிறாளோ என்றால், கிழவியின் முட்டியில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை.

ஒருநாள் கல்பனா சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு வேலை தேடிப் போனாள். ஷிப்ட் விட்ட நேரம். கம்பெனி கேட்டுக்கு எதிரே வடநாட்டுப் பையன்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் புகையும் சட்டியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள் கலியம்மாள்.

"இன்னா பெரிம்மா, இந்த நாத்தம் நாறுது!"

"உனக்குத்தான்டி நாத்தம், இவனுங்களுக்கு அது ஊரு வாசன. மொதல்ல கடலையெண்ணெயில பொரிச்சேன், ஒருத்தனும் ரெண்டாவது தடவ வரல. கையில இருந்த காசு மட்டுந்தான்னா அன்னிக்கே கடைய மூடியிருப்பேன். அடுத்த மாசமும் பென்ஷன் வரும்ல? அந்தத் தெகிரியத்துல இந்தக் கடுகெண்ணெய வாங்கிப் பாத்தேன். இப்ப வுட மாட்டேங்கிறானுங்க."

"நீ முட்டிக்குத் தடவுறியோன்னுகூட நெனச்சேன்."

"முட்டிக்கு மீன் வித்த காசுல ஸ்டூல் வாங்கியாச்சு," என்று காலால் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் கலியம்மாள். "வேலை தேடித்தானே வந்த? வாயப் பாத்துக்கினு நிக்காம இந்தத் தட்ட எடுத்துக் குடு."