சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்

சென்ற ஆண்டு ஐப்பசியில், கோலார் தங்கவயலில் நடந்தது இது. என் கணவரின் அத்தை அங்கே இறந்துபோனார். நாங்கள் இருப்பது வேலூரில்.

அத்தை என் மாமனாருக்கு ஒரே தங்கை. எங்கள் வழக்கத்தில் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டுக் கோடி வந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அண்ணன் கையால் ஒரு புதுப் புடவை. பேசாமல் இருந்தாலும் சரி, முகம் கொடுக்காமல் இருந்தாலும் சரி, அந்தப் புடவை வந்தாக வேண்டும். இவர்கள் இருவரும் பேசி வெகுகாலமாகியிருந்தது. காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. அத்தை வீட்டில் நேரில் வந்து வைக்காமல் யார் கையிலோ கொடுத்தனுப்பிவிட்டார்களாம். அதற்கு நடுவில் அத்தை பழைய வீட்டை விட்டு, மகனோடு மைசூர் மைன்ஸ் பக்கம், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய வேறொரு லைன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அந்த வீட்டை எங்களில் யாருமே பார்த்ததில்லை.

அத்தை மகன் போனில் மாமனாரிடம் அழுதுகொண்டே சொன்னார். "நாலு மணிக்கு எடுத்துடுவோம் மாமா. மழ வர்ற மாதிரி கீது, அதுக்கு மேல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. லொகேஷன் அனுப்சிட்டேன், அத்தப் புடிச்சினு வந்துடுங்க."

மாமனார் ஜவுளிக் கடை திறக்கும் வரை வாசலிலேயே நின்று, பச்சைக் கரை போட்ட ஒரு நூல் புடவையை வாங்கிக்கொண்டு வந்தார். மாலையும் வாங்கினோம். நேரம் தாராளமாக இருந்தது. டேப்லெட் மட்டும் வராமலிருந்தால் இன்னும் தாராளமாக இருந்திருக்கும்.

கொரோனா காலத்தில் பையனின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப்லெட் அது. வகுப்புகள் முடிந்து அலமாரியில் கிடந்ததை, காருக்கு ஆகும் என்று என் கணவர் எடுத்து, ரப்பர் உறிஞ்சி வைத்த ஒரு பிடியில் மாட்டி, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தார். கண்ணாடியின் கால்பங்கை அது மறைத்தது.

"போன்லயே பார்த்தா போதாதாங்க?" என்றேன்.

"போன்ல எறும்பு மாதிரி தெரியும். இதுல பாரு, ரோடே சினிமா மாதிரி ஓடும்."

ஓடவில்லை. அந்த டேப்லெட்டில் சிம் கிடையாது. அவருடைய போனிலிருந்து இணையத்தைக் கடன் வாங்கித்தான் அது பிழைக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு அட்டைப் பெட்டியை எடுத்துப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த மாடலில் ஜிபிஎஸ்ஸே இல்லை. சுற்றிலும் கிடைக்கிற வைஃபையை வைத்து, நாம் இன்ன இடத்தில் இருக்கலாம் என்று அது ஊகிக்கிறது. அன்று இது எங்களுக்குத் தெரியாது. பேரணாம்பட்டு தாண்டி மலையேறி ஆந்திராவுக்குள் நுழைந்துவிட்டோம். நீலப் புள்ளி மட்டும் பேரணாம்பட்டு கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தது.

"யோசிக்குது," என்றார் கணவர்.

"அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எடுத்துடுவாங்கடா," என்றார் பின்சீட்டிலிருந்து மாமனார்.

வி.கோட்டாவில் அது விழித்துக்கொண்டது. திரும்ப வேண்டிய முனையைத் தாண்டிய பிறகு திரும்பச் சொன்னது. பலமநேர் சாலையில் வெகுதூரம் போய்விட்டுத்தான் வழி தப்பியதை உணர்ந்தோம். திரும்பி வருவதற்குள் வெயிலில் டேப்லெட் சூடாகி, குளிர்ந்த பிறகுதான் வேலை செய்வேன் என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்துபோனது. கணவர் ஏசி துவாரங்கள் எல்லாவற்றையும் அதன் பக்கம் திருப்பினார். ஜன்னல்களை ஏற்றினார். டேப்லெட்டுக்குக் குளிரட்டும் என்று, எழுபது வயதைத் தாண்டிய மனிதர் மடியில் கோடிப் புடவையோடு பின்னால் வியர்த்துக் கொட்டிக்கொண்டு வந்தார்.

"யாரையாவது கேளுங்களேன்."

"எதுக்குக் கேட்கணும்? பின் போட்டு அனுப்பியிருக்கான். நேரா வாசல்ல கொண்டுபோய் விடும்."

ஆண்டர்சன்பேட்டை கடைவீதிக்குள் நுழைந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அத்தை மகனுக்கு நான் போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே "வந்துட்டீங்களா அக்கா?" என்று ஒரு குரல் கேட்டது, அதோடு துண்டித்துப்போனது. அதன் பிறகு சுவிட்ச் ஆஃப்.

ஊருக்குள் வந்ததும் டேப்லெட்டுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இடது என்றது, வலது என்றது. ஒரு சந்தின் முடிவில் சுரங்கக் கம்பெனியின் பழைய மதில் சுவருக்கு முன்னால் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தி, நேராகச் செல்லவும் என்றது.

"மேப்ல ரோடு இருக்கு," என்றார் கணவர்.

"முன்னால சுவர் இருக்குங்க."

சுவரைச் சுற்றிக்கொண்டு போனோம். வீடுகள் குறைந்தன. சயனைடு மேடு என்று அங்கே சொல்கிற சுரங்கக் கழிவுக் குன்று ஒரு பக்கம் வந்தது, அதற்கப்புறம் முள்புதர். சாலை மண்பாதையானது. ஒரு வேப்பமரத்தடியில் டேப்லெட் ஒரு பெண் குரலில், தெளிவான தமிழில் சொன்னது: "சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்."

கார் நின்றது. எங்களுக்கு முன்னால் இடுகாடு.

புதிதாக வெட்டிய ஒரு குழி. பக்கத்தில் ஈர மண் குவியல். அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் குழியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கீதுடா," என்றார்.

விஷயம் அப்போதுதான் புரிந்தது. அத்தை மகன் காலையில் குழிக்கு இடம் காட்ட இங்கே வந்திருக்கிறார். இங்கே நின்றபடியே எல்லோருக்கும் லொகேஷன் அனுப்பியிருக்கிறார். தாயைப் பறிகொடுத்தவர், எங்கே நின்று எதை அனுப்புகிறோம் என்றா பார்ப்பார்? டேப்லெட் அன்று முழுவதும் செய்த ஒரே சரியான வேலை, எங்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டதுதான்.

"இன்னா சார், பாடிக்கு முன்ன வந்துட்டீங்க?" என்றார் குழி வெட்டியவர்களில் ஒருவர். வழி கேட்டோம். வெட்டிய குழியை விட்டுவிட்டுப் போகக் கூடாது, அதனால் கூட வர முடியாது என்றார். இன்னொருவர் கையை நீட்டினார். "மோளம் கேக்குது பாருங்க. அத்தப் புடிச்சினு போங்க."

அப்போதுதான் ஜன்னலை இறக்கினேன். கேட்டது. குன்றுக்கு அந்தப் பக்கமிருந்து மேளச் சத்தம் தெளிவாக வந்தது. இத்தனை நேரம் டேப்லெட்டைக் குளிர வைப்பதற்காகக் காதை மூடிக்கொண்டு வந்திருக்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயைத் திறந்திருந்தால் கார் அங்கேயே நின்றிருக்கும்.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனோம். ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. ஒரு சந்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேளம். காரை நிறுத்த இடம் தேடி கணவர் முன்னால் போக, நானும் மாமனாரும் இறங்கினோம். புடவையோடு ஒரு வயதானவர் வருவதைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. இரண்டு பெண்கள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். முன்பின் தெரியாதவள் என்றாலும், ஒருத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் அழுகை வந்துவிடுகிறது.

மாமனார் நேராக ஐஸ் பெட்டியிடம் போய்விட்டார். கண்ணில் நீர் நிறைந்து அவருக்கு எதுவும் தெரியவில்லை. "தங்கச்சி..." என்று கதறிக்கொண்டே புடவையைப் பிரித்துக் கண்ணாடிமேல் விரித்தார். அவர் தோளுக்கு மேலாக நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே, மாலைக்கு மேலே, முறுக்கிவிட்ட ஒரு வெள்ளை மீசை தெரிந்தது.

"மாமா," என்றேன். "இது அத்தை இல்ல."

மேளம் நின்றது. கழுத்தைக் கட்டியிருந்த பெண் கையை எடுத்தாள். மூலையிலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது: "எங்க அண்ணனுக்கு எதுக்குப்பா பொடவ?" யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மாமனார் புடவையை மடிக்கக்கூடத் தெரியாமல் நெஞ்சோடு வாரிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து என் கணவர் உள்ளே வந்தார், கையில் டேப்லெட்டுடன். காரில் வைத்தால் சூடாகிவிடுமாம்.

இறந்தவரின் மகன் எழுந்து வந்தார். சடங்குக்காகக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு இருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "யாரு சாவுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. சொன்னோம். தெருப்பெயர் தெரியாது, வீட்டு எண் தெரியாது. சுரங்கத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜை இறக்கி ஏற்றும் வேலை பார்த்தவரின் மனைவி என்று மாமனார் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"கேஜ்காரர் வூட்டம்மாவா? அவங்க அந்தாண்ட லைனு. காலையிலயே சொன்னாங்க." வழி சொல்ல ஆரம்பித்தார். "இப்டியே போயி, செவுரு வரும், அத்தச் சுத்தினு..." அங்கே நிறுத்திவிட்டு, மாமனாரின் கையிலிருந்த புடவையைப் பார்த்தார். "கோடி எடுத்துனு வந்தீங்களா? அண்ணனா நீங்க?"

மாமனார் தலையாட்டினார்.

"வாங்க, நானே காட்றேன்."

மூலையிலிருந்த கிழவி கத்தினாள். "டேய், அப்பன வெச்சினு எங்கடா போற?"

"அப்பா இங்கதான் இருப்பாரு அத்த. அங்க எடுத்துடுவாங்க."

ஈர வேட்டியோடே வந்து காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சீட் நனைந்தது. கணவர் பழக்கதோஷத்தில் டேப்லெட்டைப் பிடியில் மாட்டினார். கார் கிளம்பியதுமே அது ஆரம்பித்துவிட்டது. இடுகாட்டை விட்டு வந்ததில் அதற்கு உடன்பாடில்லை. திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும் என்றது.

"அந்தம்மாவ கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க சார்," என்றார் அவர்.

நான் பின்னாலிருந்து எட்டி அதைப் பிடுங்கி, அணைத்து, காலடியில் போட்டேன். வழிகாட்ட வந்தவர் ஈரக் கையால் லெஃப்ட், ரைட் என்று காட்டிக்கொண்டே வந்தார். இரண்டு லைன்களுக்கு நடுவே கார் போகும் என்று யாரும் நம்பமாட்டாத ஓர் இடைவெளியில் எங்களை நுழையச் சொன்னார். நுழைந்தோம். தூறல் விழ ஆரம்பித்தது.

சந்து முனையில் கூட்டம் தெரிந்தது. பாடையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். கார் நிற்கும் முன்பே வழிகாட்ட வந்தவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினார். "எறக்குங்க, எறக்குங்க! தாய் வூட்டுக் கோடி வந்துடுச்சி!" அந்த ஊர்க்காரர் குரல் என்பதாலோ, ஈர வேட்டியைப் பார்த்ததாலோ, தூக்கியவர்கள் சட்டென்று நின்றார்கள். பாடையைத் தெருவிலேயே இறக்கினார்கள். "இன்னும் கொஞ்சம் பாருங்க, இன்னும் கொஞ்சம் பாருங்கன்னு எல்லார் கிட்டயும் சண்ட போட்டேன் மாமா," என்று அத்தை மகன் மாமனாரின் காலில் விழுந்தார்.

மாமனார் மண்ணில் உட்கார்ந்தார். புடவையைப் போர்த்தினார். கசங்கிப் போயிருந்ததால் ஓரங்களை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்திலிருந்த எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "வூடு தெரியல தாயி. எனக்கு உன் வூடு தெரியல."

நான் நிமிர்ந்து பார்த்தபோது, எங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் அங்கே இல்லை. தூறலில், வந்த வழியே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்துபோவது தெரிந்தது. காரில் கொண்டுபோய் விடக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது கணவர், அந்தப் பின் தப்பாக இருந்ததே தவிர டேப்லெட் சரியாகத்தான் வழி காட்டியது என்று ஆரம்பித்தார். பத்திரிகைச் சண்டைக்குப் பிறகு ஒரே ஒரு முறையாவது நாங்கள் அந்த வீட்டு வாசலை மிதித்திருந்தால், ஒருவர் தன் தகப்பனாரின் உடலை விட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்து அதை எங்களுக்குக் காட்ட வேண்டியிருந்திருக்காது என்பது மட்டும் இன்றுவரை என் மனதை விட்டுப் போகவில்லை.