பழுப்பில் திரும்பி வந்த முகங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை நாட்ராயண்ணன் மனைவி சரஸ்வதி அக்காவின் போன் வந்தது. "மணி, அண்ணன் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, தண்ணி கேட்டாரு, அவ்வளவுதான். ஊட்டுக்கு வா கண்ணு" என்றார். சித்தூர் பஸ்ஸில் இருந்த நான் நடுவழியில் இறங்கித் திரும்பினேன். பதினெட்டு வருடம் என்னோடு சேர்ந்து ஸ்டுடியோ நடத்திய நாட்ராயண்ணன் இல்லை. துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அடித்தவர்கள் ஜெயிலில் உட்கார்ந்து சோறு தின்கிறார்கள், அடிபட்டவர் போய்விட்டார்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். ஊரே டிஜிட்டலுக்குப் போன பிறகும் ஃபிலிமில்தான் எடுப்பார். கறுப்பு வெள்ளை நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டு, அதைப் பழுப்பாக்குவார். முதல் தட்டின் மஞ்சள் கரைசலில் படம் வெளுத்து மறைந்துவிடும். கழுவி இரண்டாம் தட்டில் போட்டால் பழுப்பாகத் திரும்பி வரும். அந்த இரண்டாவது கரைசல் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் என்பதால் கொல்லையில், பகலில்தான் இந்த வேலை. பழசு மாதிரி தெரியத்தானே என்று யாராவது கேட்டால் எரிந்து விழுவார். "பழசாக் காட்டறதுக்கு இல்லீங்க. நம்ம காலத்துக்கப்புறமும் நிக்கோணும், அதுக்கு."

ஆறு வருடம் முன்பு முதலமடையில் மாந்தோப்புகளைப் படமெடுக்கப் போனவர், முருகேசனை மரத்தில் கட்டிவைத்து அடிப்பதை எடுத்து வந்தார். முகத்துக்கு மறைப்பில்லாமல் பூச்சிமருந்து தெளிக்க மாட்டோம் என்று கூலியாட்களைத் திரட்டியவன் முருகேசன். மண்வெட்டிக் காம்பால் மண்டையைப் பிளந்திருந்தார்கள். மறுநாள் செத்தான். மரத்திலிருந்து விழுந்தான் என்றது தோப்புத் தரப்பு. இல்லை என்று சொல்ல இந்த ஒரு படம்தான் இருந்தது. ஓங்கிய காம்பும் மூன்று முகங்களும் அதில் தெளிவாக விழுந்திருந்தன.

பிரிண்ட் போட்ட உடனே போலீசில் கொடுத்திருக்க வேண்டும். இவர் கேட்கவில்லை. "கேசு முடியறதுக்குள்ள படம் வெளுத்துப்போயிரும் மணி. பழுப்பாக்கித்தான் குடுப்பேன்" என்றார். போனில் ஒரு நகல் எடுத்து வைக்கக்கூடத் தோன்றாத மடையர்கள் நாங்கள் இருவரும்.

தோப்பில் அவர் கேமராவை யாரோ பார்த்திருக்கிறார்கள். பிரிண்ட் முதல் தட்டில் கிடந்தபோது, அண்ணனும் நானும் இருந்த கொல்லைக்குள் அந்த மூவரும் நுழைந்தார்கள். நெகட்டிவை எரித்தார்கள். பிரிண்ட் எங்கே என்று கேட்டு, அண்ணனின் வலது கையைத் துவைக்கிற கல்லில் வைத்து கேமரா ஸ்டாண்டால் அடித்தார்கள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் சொல்லவில்லை. பிறகு ஒருவன் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். இரண்டாவது மோதலில் ஒரு பல் தெறித்தது. "அந்தத் தட்டுலதானுங்க இருக்குது!" என்று கத்தினேன்.

எட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய முகங்கள் அவர்கள் கண்ணெதிரிலேயே வெளுத்துக்கொண்டிருந்தன. "டேய், தானா அழியுதுடா" என்று ஒருவன் சிரித்தான். வெறும் தாளாகும்வரை நின்று பார்த்தார்கள். தட்டை உதைத்துக் கவிழ்த்து, அண்ணன் விலாவில் ஒரு மிதி மிதித்துவிட்டுப் போனார்கள்.

"போச்சுங்கண்ணா, எல்லாம் போச்சு" என்று அழுதேன். அவர் இடது கையால் தாளைப் பொறுக்கி, குடத்துத் தண்ணீரில் அலசி, இரண்டாம் தட்டில் போட்டார். நாற்றம் குப்பென்று கிளம்பியது. ஒரு நிமிடத்துக்குள் காம்பும் வந்தது, மூன்று முகங்களும் வந்தன. அந்தப் படம்தான் அவர்களை உள்ளே தள்ளியது.

அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் ஒன்றையே சொன்னார். "மணி தெரிஞ்சேதான் தட்டைக் காட்டுனான். அழிஞ்சுதுன்னு நம்பிப் போயிருவானுங்கன்னு அவனுக்குத் தெரியும். புத்திக்காரன்." முருகேசனின் அம்மா என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை.

நேற்று இரங்கல் கூட்டத்திலும் அதையே சொல்லி என்னைப் புகழ்ந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எந்தத் தந்திரமும் தோன்றவில்லை. அடி விழுந்தபோது இரண்டாம் தட்டு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. கை உடைந்தும் அவர் சொல்லாததை ஒரு பல்லுக்கு நான் சொன்னேன். எல்லாம் போச்சு என்று நான் அழுததைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மடங்காத விரல்களோடு ஆறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்காக அவர் சொன்ன பொய்யை நான் வைத்துக்கொள்கிறேன். புத்திக்காரன் என்ற பெயரை நீங்கள் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.