வெர்னா பார்க்கும் ஓரம்

ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்துகிறாள் வெர்னா ஃப்ரீசன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தொலைக்காட்சிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நிற்கிறாள். திரையின் நடுவே எரியும் பெட்ரோல் பங்க்கை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஓரங்களைத்தான் துழாவுகிறாள்.

காட்டுத்தீ துரத்தி, பக்கத்து நகரத்து ஹாக்கி அரங்கில் நாங்கள் தஞ்சம் புகுந்து ஐந்து நாள் ஆகிறது. கட்டில், போர்வை, மூன்று வேளையும் சூடான சாப்பாடு. எல்லாம் முகம் தெரியாதவர்கள் கொண்டுவந்து தருவது. நினைத்தால் கண் நிறைகிறது. யார் வீடு நிற்கிறது, யார் வீடு போனது என்று சொல்லத்தான் ஆளில்லை. செய்தியில் அதே பெட்ரோல் பங்க் ஐந்து நாளாக எரிகிறது.

வெர்னா எங்கள் ஊருக்கு இருபத்தாறு வருடம் தபால் கொண்டுவந்தவள். வாசல் தபால்பெட்டியை வைத்தே வீட்டைச் சொல்லிவிடுவாள். "ரோஸி, உன் வேலி போச்சு, வீடு இருக்கு. அழாத."

செய்தி வாசிப்பவர்கள் அவளிடம் படும் பாடு தனி. "கோரத் தாண்டவமாம். நேத்தும் அதே தாண்டவம். 'ஊரே சாம்பல்'ங்கிறான், ஒரு ரோட்டைத் தாண்டிப் போனானா இவன்? 'சோகத்தில் மூழ்கிய மக்கள்'. யாருப்பா மூழ்கினது? நான் சூப் குடிச்சிட்டிருக்கேன்." மூச்சு விட்டுக்கொண்டு அவளே சேர்த்துக்கொள்வாள்: "ஆனா கேமராக்காரன் நல்லா இருக்கணும். கை ஆடிப்போச்சு பாரு, அதுலதான் நமக்கு ரெண்டு வீடு கூடத் தெரியுது."

'ஊரே சாம்பல்' என்பதை அப்படியே நம்பிவிட்டவர் எண்பத்திரண்டு வயது ஓரெஸ்ட். தன் கையால் கட்டிய வீடு. மனைவி போனபின் அவருக்கு அதுதான் துணை. இரண்டு நாளாகத் தட்டைத் தொடவில்லை.

"சாப்பிடுங்க பெரியவரே."

"எதுக்கும்மா? அதான் டிவியிலயே சொல்லிட்டாங்களே."

"அவன் உங்க ரோட்டுப் பக்கமே போகல. நான் பாத்துச் சொல்றேன், இருங்க."

இன்று காலை கேமரா மறுபடி ஆடியபோது, பங்க்குக்குப் பின்னால் ஓரெஸ்டின் சாலை அரை நொடி வந்து போனது. வெர்னா பின்னோக்கி ஓட்டி நிறுத்தினாள். நானும் அருகில் போனேன். இடது ஓரத்தில் நீலத் தபால்பெட்டி. அதன் பின்னால் கூரையோடு ஓரெஸ்டின் வீடு. எதிர்ச்சாரியில் ஒரு புகைபோக்கி மட்டும் தனியாக நின்றது. வெர்னாவின் வீடு இருந்த இடம் அது.

அவள் தலையை மட்டும் திருப்பி ஓரெஸ்டைக் கூப்பிட்டாள்.

"பெரியவரே, இங்க வாங்க. உங்க வீடு. ஜன்னல்கூட உடையல."

ஓரெஸ்ட் தள்ளாடி வந்து, கூரையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. பிறகு வெர்னாவிடம் திரும்பினார்.

"உன் வீடு எதிர்லதானேம்மா? அது தெரியுதா?"

"அது படத்துல விழல. நீங்க முதல்ல போய்ச் சாப்பிடுங்க" என்றாள் வெர்னா, புகைபோக்கியின் மேல் அகல விரித்து வைத்திருந்த உள்ளங்கையை எடுக்காமலே.