ஆடிக் கூழில் ஓட்ஸ் நொய்

ஆவியில் வெந்து இறங்கிய ஓட்ஸை ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி நின்றிருந்தார் அவர். ஆவி போடும் பாய்லரைக் கவனிப்பதால் எல்லோருக்கும் பாய்லர் அண்ணன் ஆகிவிட்ட அவரை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். புதுவாயலுக்குப் பக்கத்தில், ஓட்ஸைப் பக்குவப்படுத்தி அவலாகத் தட்டிப் பொட்டலம் போடும் தொழிற்சாலை அது. இரண்டு பிள்ளைகளும் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, பத்து வருட இடைவெளி விட்டு, அங்கே பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அன்றைய சரக்கு சரியாக இருக்கிறது என்று என் கருவி சொன்னது. அவர் கண்ணைத் திறந்து, "ஆவி பத்தல மேடம். இத்த இப்பிடியே மூட்ட கட்னா ஒரு மாசத்துல கசக்கும்" என்றார். புதிதாக வந்தவளைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் ஒரு பிடியைத் தனியே டப்பாவில் போட்டு வைத்தேன். ஒரு மாதம் கழித்து வாயில் போட்டுப் பார்த்தால் வேப்பங்கொட்டை மாதிரி கசந்தது.

ஓட்ஸ் மணிக்குள் எண்ணெய்ப்பசை அதிகம். நெல்லைப் போல உமி நீக்கி அப்படியே வைத்தால் அந்த எண்ணெய் கெட்டுவிடும். அதனால்தான் கப்பலில் வந்து இறங்கும் மணியை முதலில் ஆவி காட்டி, வறுத்து, பிறகு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டுகிறார்கள். ஆவி சரியாக ஏறினால் முந்திரி வறுத்த வாசனை வரும். புத்தகத்தில் இதைப் படித்திருந்தேனே தவிர, அந்த வாசனையை அடையாளம் காண எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கசந்த டப்பாவுக்குப் பிறகு, கருவி சொல்வதைக் குறித்துக்கொண்டதும் பாய்லர் அறைப் பக்கம் ஒரு நடை போய் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இவ்வளவு தெரிந்த மனிதர் ஓட்ஸை ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வேடிக்கை அதுதான். கேன்டீனில் புதன்கிழமை ஓட்ஸ் உப்புமா. அன்றைக்குப் பார்த்து வீட்டிலிருந்து நாஷ்டா கட்டிக்கொண்டு வருவார். நான் ஓட்ஸில் தோசை சுட்டு, அடை தட்டி, வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தெல்லாம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கும்பிட்டுவிட்டு விலகிக்கொள்வார். குதிரை தின்பதைத் தான் தின்பதில்லை என்பது அவர் கட்சி. நாள் முழுக்க அதைத்தானே வேகவைக்கிறீர்கள் என்று கேட்டால், குதிரைக்காரன் கொள்ளு வேகவைக்கவில்லையா என்று திருப்பிக் கேட்பார். எனக்கு அவரைவிட ஐந்தாறு வயதுதான் குறைவு. அதனால் விடாமல் வாதாடுவேன். நாலு வருடம் இப்படியே போனது.

இதற்கு நடுவில் அவர் மனைவிக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அண்ணி நல்லபடியாக நடந்து வீடு திரும்பினால், பெரியபாளையம் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு மூன்று ஆடி மாதம் கூழ் ஊற்றுவதாகப் பவானி அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். அண்ணி நடந்தே வீடு வந்தார். முதல் இரண்டு வருடமும் ஆடி ஞாயிறு ஒன்றில் சாலையோரம் பந்தல் போட்டு இருவருமாகக் கூழ் ஊற்றினார்கள். நாங்கள் நாலைந்து பேர் போய் வெங்காயம் உரித்தோம். மூன்றாம் வருடம்தான் சோதனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்ற வேண்டும். சனிக்கிழமை காலையில், மச்சான் வீட்டுக் கொட்டகையில் வைத்திருந்த கேழ்வரகு மாவு மூட்டைகளை அவர் அவிழ்த்திருக்கிறார். அந்த வாரம் பெய்த மழை கூரை வழியே இறங்கியிருந்தது. பார்வைக்கு மாவில் ஒரு குறையும் தெரியவில்லையாம். ஆனால் அவர் மூக்குக்குப் பூஞ்சை வாடை தெரிந்துவிட்டது. புளிக்கவைத்தால் யாருக்குத் தெரியும் என்று மச்சான் சொல்லிப் பார்த்திருக்கிறார். இவர் மாவைக் குப்பையில் கொட்டிவிட்டு, புதுவாயல், கும்மிடிப்பூண்டி என்று கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். ஆடி மாதத்துச் சனிக்கிழமையில் மாவு எங்கே மிஞ்சியிருக்கும்? தேவையில் கால்வாசிதான் கிடைத்தது. மதியம் வேலைக்கு வந்தவர் நேரே பரிசோதனைக் கூடத்தின் வாசலில் வந்து நின்றார்.

விஷயத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நொய். மணியைத் தட்டுவதற்கு முன் சல்லடையில் விழும் உடைந்த ஓட்ஸ் அது. ஆவி கண்டு வறுபட்ட சுத்தமான தானியம்தான். அளவு சின்னது என்பதால் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். கூழுக்கு அரிசி நொய் போடுவதில்லையா, அதற்குப் பதில் இதைக் கூடுதலாகப் போட்டால் குறைகிற மாவையும் ஈடுகட்டலாமே என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "அம்மனுக்கு வேண்டிக்கினு மாட்டுக்குப் போறத ஊத்த சொல்றியாம்மா?" என்றார்.

மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் முதல் முறையாக அம்மா என்றார். அண்ணியிடம் கேட்கலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி கேட்டார்: "கெட்டுப் போனதாயா அது?"

"கெட்டுலாம் போவல. நானே ஆவி உட்டு எறக்குனதுதான்."

"அப்பறம் இன்னாத்துக்கு யோசிச்சிக்கினு கீற? பசியோட நடந்து வரவங்களுக்கு ஊத்துறோம். இன்னா தானியம்னா ஆத்தா கேக்கப் போறா?"

மேலாளரிடம் நான் போனேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, மனிதர்கள் சாப்பிடலாம் என்று பரிசோதனைக் கூடம் கையெழுத்துப் போட்டால் நொய்யை வெளியே கொண்டுபோக அனுமதி தருவதாகச் சொன்னார். கையெழுத்து என்னுடையது. நூற்றுக்கணக்கான பேர் குடிக்கப் போகிறார்கள், அதில் கைக்குழந்தைக்காரிகளும் இருப்பார்கள் என்று நினைத்ததும் எடுத்த பேனாவை மூடி வைத்தேன். ஈரம், கசப்பு, தூசி, பூச்சி என்று எல்லாப் பரிசோதனையும் இரண்டு முறை செய்தேன். கடைசியில் ஒரு பிடியை அவரிடம் நீட்டினேன். கண்ணை மூடி முகர்ந்தார். தலையசைத்தார். அதன் பிறகே கையெழுத்துப் போட்டேன்.

கேன்டீன் அடுப்பில் வெள்ளோட்டம் பார்த்தோம். முதல் சட்டி பசையாகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாகத் தொங்கியது, சுவரொட்டி ஒட்டத்தான் ஆகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்த அவர், நொய்யில் இன்னும் கொஞ்சம் ஈரம் மிச்சமிருப்பதால்தான் இப்படிக் குழைகிறது, இன்னொரு தடவை நன்றாக வறுத்து, ஆறவிட்டு, அப்புறம் தண்ணீர் காட்ட வேண்டும் என்றார். செம்மண் நிறம் வரும்வரை இருப்புச் சட்டியில் வறுத்தோம். இந்த முறை மணி மணியாக வெந்து, மேலே மட்டும் வழவழப்பாக நின்றது. கிடைத்த கேழ்வரகைக் கரைத்து ஊற்றி, மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்து, ஒரு டம்ளரை அவர் முன் வைத்தேன். ஊற்றுகிறவர் ருசி பார்க்காமல் எப்படி ஊற்றுவது?

கேன்டீனில் இருந்த எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மடக்கு குடித்தார். நின்றார். மிச்சத்தையும் குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். கேன்டீனே கைதட்டியது.

மறுநாள் விடியும்போது பந்தலில் இருந்தோம். மஞ்சள் புடவைகள், கையில் வேப்பிலைக் கொத்து, பம்பைச் சத்தம். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அண்ணி மொண்டு கொடுக்க, அவர் ஊற்றினார். சேறு படிந்த காலோடு வந்த ஒரு பெண், குடித்த சொம்பை உடனே கொடுக்காமல் உள்ளே பார்த்தாள். "இன்னா நொய்யிண்ணா இது? வழவழன்னு நல்லா கீது."

மூடி மறைக்க அவருக்குத் தெரியாது. "ஓட்ஸுமா" என்றார்.

அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையாம். டாக்டர் சொல்லி வாங்கி வைத்த ஓட்ஸ் பொட்டலம் மாதக்கணக்காகப் பிரிக்காமலே கிடக்கிறதாம். பின்னால் வந்துகொண்டிருந்த வீட்டுக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் ஒரு சொம்பை நீட்டினாள். அவர் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. பக்குவத்தை அந்த அம்மாளுக்குச் சொன்னதும் பாய்லர் அண்ணன்தான். வறுக்க வேண்டிய நேரம், தண்ணீர் அளவு, மோர் எப்போது என்று, ஏதோ பிறந்ததிலிருந்து ஓட்ஸ் குடித்து வளர்ந்தவர் மாதிரி. அடுத்த வருடமும் இங்கே ஊற்றுவீர்களா என்று அவள் கேட்டாள். வேண்டுதல் அன்றோடு முடிகிறது. அவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி அகப்பையைக் கீழே வைக்காமலே, "கீறோம், வாங்க" என்றார்.

இப்போது அவர் காக்களூரில் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறார். நான் பழைய இடத்தில்தான். ஆனாலும் ஒவ்வொரு ஆடியிலும் அந்தச் சாலையோரத்தில் நாங்கள் கூடிவிடுகிறோம். கேழ்வரகு எவ்வளவு கிடைத்தாலும் நொய் மட்டும் ஓட்ஸ்தான்.

அந்த மூன்றாம் வருட ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு மறக்காதது அண்டா காலியான பிறகு நடந்தது. அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, வெகு தூரத்திலிருந்து நடந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் பந்தலுக்குள் நுழைந்தார்கள். ஒரு சொம்புகூட இல்லை. அவர் கையைக் கூப்பிக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றார், கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் மூத்தவளாகத் தெரிந்த பெண் அவரையும், ஈரப் புடவையோடு நின்ற அண்ணியையும், எங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "நீங்கோ எதுனா துன்னீங்களா?" என்றாள்.

யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அது அப்போதுதான் எங்களுக்கே நினைவு வந்தது. அவள் தலைச்சுமையை இறக்கி, துணி மூட்டையை அவிழ்த்தாள். புளிச்சோற்று வாசனை பந்தல் முழுக்கப் பரவியது. கூழ் குடிக்க வந்தவர்கள் எங்களை வரிசையாக உட்காரவைத்து, வாழையிலைக் கிழிசலில் ஆளுக்கு ஒரு கை சோறு வைத்தார்கள். பாய்லர் அண்ணனுக்கு மட்டும் அவள் இரண்டு கை வைத்தாள்.