சுஸ்டன் உச்சியில் அம்மா

ஜூனில் மலைக் கணவாய்கள் திறந்தால் என் பொய்களும் திறந்துவிடும். ஒக்டோபரில் பனி விழுந்து பாதையை மூடும்வரை வாரத்துக்கு ஒன்றாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

நான் படம் பிடிப்பவள். சுவிற்சர்லாந்தில், ஆரா நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் கமராவுடன் நிற்பேன். அது பிழைப்பு. ஆசை வேறு. கணவாய் உச்சிகளில் வண்டியை நிறுத்தி இறங்குபவர்களைப் படம் எடுப்பதுதான் என் ஆசை. மலையை எல்லோரும் எடுக்கிறார்கள். மலைக்கு முதுகைக் காட்டியபடி, திறந்த கார் டிக்கியில் குந்தியிருந்து பாண் கடிப்பவர்களை யாரும் எடுப்பதில்லை. அவர்களைத் தேடித்தான் ஃபுர்கா, கிரிம்செல், கிளாவுசன் என்று நான்கு கோடைகளாகத் திரிந்தேன்.

திரிந்தது மோட்டார் சைக்கிளில். பொய் வந்தது அதனால்தான். மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பது அம்மாவின் முடிவு. ஆகவே லைசன்ஸ் எடுத்ததைச் சொல்லவில்லை. வண்டி வாங்கியதையும் சொல்லவில்லை. பக்கத்து ஊரில், கூடப் படித்த சுவிஸ் தோழியின் கராஜில் அது நின்றது. தோல் ஜாக்கெற்றும் தோல் காற்சட்டையும் ஹெல்மெற்றும் அங்கேயே தொங்கின. வீட்டிலிருந்து நல்ல பிள்ளையாகக் காரில் புறப்பட்டு, கராஜில் வேறொருத்தியாக மாறிவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமைக்கான பொய், நொஷாட்டலில் ஒரு கலியாணம் என்பது. தூரமான ஊர், பிரெஞ்சுக்காரப் பக்கம், அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. நல்ல தரமான பொய். அம்மாவும் அன்று விடியவே எழும்பிச் சேலை கட்டியிருந்தார்.

"கோயிலுக்குப் போறன் பிள்ளை. அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட ஆளில்லையாம். வர நேரமாகும்."

"ஓம் அம்மா. நானும் பிந்தித்தான் வருவன்."

பதினொரு மணிபோல சுஸ்டன் கணவாயின் உச்சியில் நின்றேன். நல்ல வெயில். பாதையோரத்தில் இன்னும் ஆள் உயரத்துக்குப் பனி. வண்டியை ஓரமாக விட்டு, ஹெல்மெற்றைக் கையில் கொழுவிக்கொண்டு மறுபக்கம் நடந்தேன். அங்கே ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, மடிப்புக் கதிரைகள் போட்டு, ஒருவரோடொருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் முட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். என் ஆயுளுக்குப் போதுமான காட்சி. அவர்களை எடுத்து முடித்து, அனுமதித் தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு திரும்பினால், என் மோட்டார் சைக்கிளில் யாரோ இருக்கிறார்கள்.

சேலை கட்டிய யாரோ.

தூர லென்ஸை மாட்டிப் பார்த்தேன். மாம்பழ நிறச் சேலை, அதற்கு மேலே நீலக் குளிர்ஜாக்கெற், காலில் ஓட்டச் சப்பாத்து. முகத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்த ஜாக்கெற் நான் வாங்கிக் கொடுத்தது.

பக்கத்திலிருந்த ஒரு முகாம் வண்டிக்குப் பின்னால் பாய்ந்து ஒளிந்தேன். எட்டிப் பார்த்தால் ஒரு சாம்பல் நிற மினிபஸ் நின்றது. அதைச் சுற்றி அம்மாவின் கோயில் சிநேகிதிகள் ஆறு பேர். ஒருவர் சட்டியைத் திறந்து புட்டு பரிமாறினார். இன்னொருவர் கைபேசியைத் தலைகீழாகப் பிடித்தபடி, அம்மாவை "கொஞ்சம் சிரியுங்கோ அக்கா" என்று கெஞ்சினார். மரக்கறி வெட்ட ஆளில்லாத கோயில் இதுதான் போலும்.

ஓடிப்போயிருக்கலாம். ஆனால் வண்டியில் அம்மா இருந்தார். ஹெல்மெற்றையும் கையுறையையும் போட்டேன். கறுத்தக் கண்ணாடியை இறக்கினேன். நேரே நடந்தேன்.

அம்மா என்னைக் கண்டதும் பதறி இறங்கப் பார்த்தார். கையால் 'இருங்கள், இருங்கள்' என்று காட்டினேன்.

"எக்ஸ்கியூசி," என்றார் அம்மா. பிறகு மூச்சை இழுத்து, டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "ஸீ... ஃபோட்டோ... மாஹன்? பித்தெ?"

"யோ, கேர்ன்," தாராளமாக என்றேன், பேர்ன் ஊர்க்காரர் மாதிரிச் சொல்லை இழுத்து, குரலைத் தொண்டையின் அடியிலிருந்து எடுத்து.

கைபேசியை வாங்கி நாலைந்து படம் எடுத்தேன். அதற்குள் அம்மாவுக்குத் துணிவு வந்துவிட்டது. இந்த வெள்ளைக்காரப் பெட்டைக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவு. புட்டு பரிமாறியவர் பக்கம் திரும்பினார்.

"பாருங்கோ அக்கா, என்ன கட்டைக் கால். அந்தக் காற்சட்டை குனிஞ்சா பின்னால பிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனியாமல் நின்றேன்.

"உங்கட மகளும் கமராவோட திரியிறவ தானே," என்றார் புட்டுச் சட்டி அன்ரி.

"அவளோ? அவள் சரியான பயந்தாங்கொள்ளி. கார் வளைவில திரும்பினாலே கண்ணை மூடுவாள். இந்தப் பெட்டை தனிய வந்து நிக்கிறாள் பாருங்கோ. இவளைப் பெத்தவள் குடுத்து வைச்சவள்."

கண்ணாடியைத் தூக்கிவிட விரல் துடித்தது. அதற்குப் பதிலாக என் கமராவைக் காட்டி, ஒன்று எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். "யா, யா" என்றார் அம்மா. யாரோ பின்னாலிருந்து "அக்கா, ஓடுங்கோவன்!" என்று கத்த, என் அம்மா, ஐம்பத்தொன்பது வயது, முதியோர் இல்லச் சலவைப் பகுதியில் வேலை, இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்து, கன்னத்தை உப்பி, "ட்ர்ர்ர்ர்" என்றார். பின்னால் பனிச்சுவர். காற்றில் முந்தானை. அழுத்தினேன்.

வழக்கமாக நீட்டும் அனுமதித் தாளை அன்று நீட்டவில்லை. அதில் என் பெயர் அச்சடித்திருக்கும்.

மாலை வீட்டில் அம்மாவின் மூக்கு சிவந்து தோல் உரியத் தொடங்கியிருந்தது.

"கோயிலுக்குள்ள நல்ல வெயிலோ அம்மா?"

"வெளியில நிண்டெல்லோ வெட்டினனாங்கள். உன்ர கலியாணம் எப்பிடி?"

"நல்லது. பொம்பிளைக்குக் கொஞ்சம் வயசு. ஆனா வெக்கப்படாமல் நிண்டவா."

"அதுதான் தேவை," என்றார் அம்மா, உள்ளிக்குத் தோல் உரித்தபடி. அவ்வளவு நிதானமாகப் பொய் சொல்வதை எங்கிருந்து பழகினேன் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஆராவின் பழைய நகரத்தில் ஒரு கபேயின் சுவரில் என் படங்களை மாட்ட இடம் கிடைத்தபோதுதான் சிக்கல் வந்தது. பன்னிரண்டு படங்கள் வேண்டும். பதினொன்றைத் தெரிவுசெய்வதற்குள் தலை வெடித்தது. பன்னிரண்டாவதைத் தெரிவுசெய்யத் தேவையே இல்லை. நான்கு கோடைகளில் எடுத்ததில் அம்மாவின் அந்த 'ட்ர்ர்ர்ர்'தான் உயிரான படம். ஆனால் கையெழுத்து இல்லாமல் யாருடைய முகத்தையும் மாட்டுவதில்லை என்பது என் ஒழுக்கம். எனக்கென்று இருந்த ஒரே ஒழுக்கம் அதுதான், ஆகவே விடவும் முடியவில்லை.

படத்தைப் பெரிதாக அச்சடித்து, அனுமதித் தாளோடு சமையலறை மேசையில் வைத்தேன். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது... அந்த வெள்ளைக்காரப் பெட்டை உனக்கு அனுப்பினவளோ? எப்பிடி உன்னைத் தெரியும்?"

"அது வெள்ளைக்காரப் பெட்டை இல்லை அம்மா. கட்டைக் கால் பெட்டை."

அம்மா என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். நான் மோட்டார் சைக்கிளுக்கான ஏச்சை எதிர்பார்த்து, பதில்களையும் தயாராக வைத்திருந்தேன். அந்த ஏச்சு வரவேயில்லை.

"அப்ப நான் டொச்சில தடக்கித் தடக்கிக் கேக்க, நீ ஆரோ மாதிரி நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனி."

"சும்மா பகிடிக்கு அம்மா..."

"அந்தப் பெட்டையோட கதைக்கேக்க எனக்கு வெக்கமே வரேல்லை. அவள் என்னைத் திருத்தேல்லை. வீட்டை வந்தும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

ஒன்பது வயதிலிருந்து நான் அம்மாவைத் திருத்தி வந்திருக்கிறேன். ஆசிரியர் சந்திப்பில், கடையில், டொக்டரிடம், எல்லோருக்கும் முன்னால் 'டெர் இல்லை அம்மா, டீ' என்று ஆண்பால் பெண்பால் திருத்தி. பெரிய கெட்டிக்காரியாக. பிறகு எப்போதோ அம்மா என் முன்னால் டொச் கதைப்பதை நிறுத்திவிட்டார். அதை நான் கவனித்ததுகூட இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அம்மா தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை சமையலறைக்குள் நுழைந்தேன்.

"குட்டன் மோர்கன்," என்றார் அம்மா. "வொலன் ஸீ டே?"

தேநீர் வேண்டுமா என்று கேட்கிறார். அதுவும் முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் மரியாதையில். "அம்மா, விளையாடாதேங்கோ" என்றேன். காது கேட்காதவர் போலக் கோப்பையை நீட்டினார். அன்று முழுவதும் அப்படித்தான். மறுநாளும். ஒன்பது நாட்கள் என் தாய் என்னைப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவளைப் போல நடத்தினார். மூன்றாம் நாள் பழக்கதோஷத்தில் ஒரு சொல்லைத் திருத்திவிட்டேன். என் முன்னாலிருந்த தோசைத் தட்டு எழும்பிப் போய் அப்பாவின் முன்னால் இறங்கியது.

அப்பா உணவகச் சமையலறையில் முப்பது வருடம் நிற்பவர், சண்டைகளில் தலையிடமாட்டார். "என்னப்பா இது? நானும் டொச்சில கேட்டாத்தான் சோறோ?"

"யா," என்றார் அம்மா.

"பித்தெ," என்று டொச்சில் தயவாகக் கேட்டு அப்பா தட்டை நீட்டினார்.

ஐந்தாம் நாளளவில் நானும் விட்டுக்கொடுத்து டொச்சிலேயே பதில் சொன்னேன். திருத்தாமல் கேட்கத் தொடங்கியபின்தான் தெரிந்தது, அம்மாவின் டொச்சுக்கு இலக்கணம்தான் இல்லை, வாய் இருந்தது. சலவைக்குக் காலுறையை ஒவ்வொன்றாக அனுப்பி, மற்றதைத் தேடி அம்மாவோடு கதைக்க வரும் தொண்ணூறு வயதுக்காரரைப் பற்றிச் சொன்னார். மேலதிகாரியைப்போல நடந்து காட்டினார். தமிழில் அம்மா எனக்கு இப்படியெல்லாம் கதை சொன்னதில்லை. தமிழில் அவர் எனக்குத் தாய். டொச்சில் அவர் குறும்புக்காரப் பெண்மணி, பக்கத்தில் இருக்கச் சுகமான ஆள்.

"உங்களுக்கு மகள் இருக்கிறாளா?" என்று ஒருநாள் டொச்சில் கேட்டேன்.

அம்மா யோசித்தார். இருக்கிறாள், கொஞ்சம் வாய்க்கொழுப்பு என்று அதே மொழியில் பதில் வந்தது. "ஆனால் படம் நன்றாக எடுப்பாள்."

பத்தாம் நாள் நான் சமையலறைக்கு வரும்போது அனுமதித் தாள் மேசையில் இருந்தது. கையெழுத்து இல்லை. பேனை பக்கத்தில் கிடந்தது.

"வைக்கிறன்," என்றார் அம்மா, தமிழில். அந்த ஒரு சொல்லைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. "ஆனா அடுத்த சனிக்கிழமை நீயும் எங்களோட கோயிலுக்கு வரவேணும். உன்ர மோட்டார் சைக்கிளையும் கொண்டு வா."

"எந்தக் கோயில் அம்மா?"

"கிரிம்செல்."

அப்படித்தான் நான் அந்த மினிபஸ்ஸுக்குப் பின்னால் வளைவு வளைவாகக் கிரிம்செல் ஏறினேன். பஸ்ஸின் பின் கண்ணாடியில் ஆறு முகங்கள் ஒட்டிக்கொண்டு, நான் சரிந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டின. உச்சியில் இறங்கியதும் அன்ரிமார் சேலையைச் சரிசெய்து வரிசையாக நின்றார்கள். வண்டியில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று அம்மா நேரம் பார்த்தார். கறுத்தக் கண்ணாடி போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. ஒருவர் உச்சியிலிருந்த ஏரியின் கரையில் நடந்துபோன இரண்டு சுவிஸ்காரரைக் கூப்பிட்டு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, தன் பரிவாரம்போல எடுக்கச் சொன்னார்.

கடைசியாகப் புட்டுச் சட்டி அன்ரி ஏறினார். எல்லோரிலும் மூத்தவர், எழுபதைத் தாண்டியவர். என் ஹெல்மெற்றைக் கொண்டையோடு சேர்த்து அமத்திப் போட்டுக்கொண்டு, காலால் எதையோ தடவித் தேடினார், பிறகு விரலால் சாவித் துவாரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பிள்ளை, திறப்பு எங்க?"

"படத்துக்குத் திறப்புத் தேவையில்லை அன்ரி."

"படத்துக்கு ஆர் கேட்டது?"

நான் உதவிக்காக அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் கழுத்திலிருந்த கமராவை மெல்லக் கழற்றி எடுத்தார்.

"நீ பின்னால ஏறி அவவைப் பிடி," என்றார். "நான் எடுக்கிறன்."